மீன் வளர்த்த நீரில் மரக்கறி



இலை மஞ்சளித்தால் நம்மூர்க் கமக்காரர் முதலில் நினைப்பது யூரியாவை. நிலத்தில் அந்த நினைப்புப் பல வேளைகளிற் சரியாகவே இருக்கும். மண்ணே இல்லாமல், மீன் வாழும் நீரை மாத்திரம் நம்பி மரக்கறி வளர்க்கும் இடத்தில் அதே நினைப்பு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும், அதன் பின்னர் நாங்கள் கற்றுக்கொண்டதையும் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நான் தமிழும் வரலாறும் படித்த கலைப் பட்டதாரி. தாவரப் போசணையைப் பற்றி வானொலியிற் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: தவறு நடந்த தொட்டியின் பக்கத்தில் நின்றவன் நான். அந்தத் தவறுக்கு அனுமதி கொடுத்தவனும் நானே.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அந்த ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஆண்டில் எரிபொருளும் மின்சாரமும் உணவும் ஒருங்கே தட்டுப்பட்டன. வீட்டுக்கு வீடு தோட்டம் செய்யுங்கள் என்ற குரல் எங்கும் எழுந்தது. பசளைப் பை வாங்காமலே மரக்கறி வளர்க்கலாம், மீனின் கழிவே பசளையாகும் என்ற செய்தியும் அக்காலத்திலேதான் எங்கள் ஆசிரியர்களின் காதுக்கு எட்டியது. ஆங்கிலத்தில் அம்முறையை அக்குவாபொனிக்ஸ் என்கிறார்கள். 2023இல், வலிகாமத்தில் உள்ள எங்கள் பாடசாலையின் பின் வளவில், 1000 இலீற்றர்த் தொட்டி ஒன்றும் அதன் அருகே 4 சதுர மீற்றர்ப் பரப்பில் கற்சல்லி நிரப்பிய பாத்தியும் அமைத்தோம். தொட்டியில் திலாப்பியாக் குஞ்சுகள்; பாத்தியிற் கங்குன், வல்லாரை, ஓரத்திற் சில தக்காளிக் கன்றுகள். நீர்ப்பம்பி ஒன்று தொட்டி நீரைப் பாத்திக்கு ஏற்றும்; பாத்தியில் ஊறிய நீர் மீண்டும் தொட்டிக்கு வடியும்.

இம்முறையின் உள்வேலை அழகானது. மீன் உண்ட தீனியிலுள்ள புரதத்தின் நைதரசனிற் பெரும்பகுதி மீனின் உடலிற் சேர்வதில்லை. அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரிற் கலந்துவிடுகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. பாத்தியின் கற்களில் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று மீனுக்கு அவ்வளவு கேடில்லாதது. பயிர் விரும்பி உறிஞ்சுவது. இந்தப் பற்றீரியாக்கள் குடியேறிப் பெருகுவதற்கு வெப்பமான நம் நாட்டிலேகூடச் சில வாரங்கள் வேண்டும். அவை நிலைபெற்ற பிறகு எங்கள் கங்குன் வளர்ந்த வேகத்தைக் கண்டு மாணவர்கள் அளவுகோலுடன் வந்து நின்றார்கள்.

இரண்டாம் மாதத்தில் இளந்தளிர்கள் மஞ்சளிக்கத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாய் நிற்க, இடைப்பட்ட இலைத்தளம் வெளிறியது. தக்காளியில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஊட்டம் போதவில்லை. பசளைப் பை இல்லாத தோட்டத்தில் ஊட்டத்தைக் கூட்டும் வழி என்ன? மீன்தீனியைக் கூட்டுவதுதான். நாளொன்றுக்கு 150 கிராம் இட்டு வந்த தீனியை 350 கிராமாக்கச் சொன்னேன். நான்காம் நாட் காலையில் முதலாவதாகப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் கண்டது நீரின்மேல் வெள்ளை வயிறு தெரிய மிதந்த மீன்களை. அறுபத்திரண்டு மீன்களில் எஞ்சியவை பதினேழு. அன்று காலைப் பிரார்த்தனையில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பிள்ளைகளின் முகங்கள் நினைவிருக்கின்றன.

செய்தி கேட்டு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் மீன்களைப் பார்க்குமுன் பாத்தியைப் பார்த்தார். அவர் கேட்ட முதற் கேள்வி: “மஞ்சள் முதலில் வந்தது பழைய இலையிலா, புதிய இலையிலா?”

எங்களில் எவருக்கும் தோன்றாத கேள்வி அது. அதற்குள்ளேதான் விடை இருந்தது. தாவரம் தன் உடலுக்குள் சில போசணைப் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லவல்லது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியன அவ்வகை. அவை குறைந்தால், தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, பழைய இலையிலிருந்தவை தளிருக்குப் போய்விடும். ஆகவே வாடுவதும் வெளிறுவதும் அடியிலுள்ள முதிய இலைகளே. இரும்பும் கல்சியமும் அப்படியல்ல. ஓர் இலையிற் சேர்ந்துவிட்டால் அவை அங்கேயே தங்கிவிடும். அவற்றின் குறை புதிய தளிரில்தான் முதலிலே தோன்றும். எங்கள் பாத்தியில் அடியிலைகள் நல்ல பச்சை. நைதரசன் குறைவே இல்லை, தாராளமாக இருந்தது. குறைந்தது இரும்பு. சோற்றில் உப்பில்லை என்றதற்கு இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டதைப் போன்ற காரியத்தை நான் செய்திருந்தேன்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த புதுமையன்று என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். கரீபியன் கடலில் சென் குறோய் என்றொரு தீவு உண்டு. அமெரிக்க வேர்ஜின் தீவுகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்தைப் போலவே நன்னீருக்கு முட்டுப்பாடான இடம். மழைநீரைச் சேமித்து வாழும் ஊர். அங்குள்ள வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1980 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்முறையை ஆராய்ந்தனர். திலாப்பியா வளரும் தொட்டிகளின் நீரை நீண்ட கால்வாய்களில் ஓடவிட்டு, மிதக்கும் தட்டுக்களில் சலாது, வெண்டி, துளசியினத்தைச் சேர்ந்த பேசில் முதலியவற்றை விளைவித்தார்கள். இன்று உலகின் பல பாகங்களிலும் இம்முறையைக் கைக்கொள்வோர் எடுத்தாளும் கணக்குகளுட் பல அந்தத் தீவிலே பிறந்தவை.

அவர்கள் கண்ட முடிவு சுருக்கமானது. காற்றிலும் நீரிலும் இருந்து கிடைக்கும் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றை விட்டால், பயிருக்கு இன்றியமையாதவை என வழக்கமாக எண்ணப்படும் மூலகங்கள் பதின்மூன்று. (நிக்கலையும் சேர்த்துப் பதினான்கு என்பாருமுண்டு.) அவற்றுட் பத்து, மீன்தீனியின் மூலமாகவே போதிய அளவு கிடைத்துவிடுகின்றன. மூன்று மட்டும் போதாமற் போகின்றன: பொற்றாசியம், கல்சியம், இரும்பு.

ஏன் இந்த மூன்று? தீனி தயாரிப்பவர் மீனை நினைத்துத் தயாரிக்கிறார், மரக்கறியை நினைத்தல்ல. பயிர் பெருமளவில் விரும்பும் பொற்றாசியம் மீனுக்குச் சிறிதளவே வேண்டும். ஆகவே தீனியிலும் சிறிதளவே உண்டு. கல்சியத்தை மீன் நீரிலிருந்தும் தானே எடுத்துக்கொள்ளும். இரும்பின் கதை வேறு. நீர் காரத்தன்மையுடையதாயின் இரும்பு கரைந்த நிலையில் நிற்காமல் துருவாகப் படிந்துவிடும். நீரில் இருந்தும் வேருக்கு எட்டாது.

சென் குறோய் ஆராய்ச்சியாளர் இக்குறையைத் தீர்த்த விதம் சாமர்த்தியமானது. பற்றீரியா அமோனியாவை மாற்றும்போது நீரில் அமிலம் பிறக்கும், நீரின் பீ.எச். பெறுமானம் நாளுக்கு நாள் இறங்கும். அதனை 7க்கு அண்மையில் நிறுத்த ஏதேனும் காரத்தை இட்டேயாக வேண்டும். அவர்கள் கல்சியம் ஐதரொட்சைட்டையும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் மாறி மாறி இட்டார்கள். அமிலமும் தணிந்தது, இரு போசணைகளும் சேர்ந்தன. இரும்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இலீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் இட்டார்கள். அது சாதாரண இரும்பு உப்பன்று. நண்டு தன் கொடுக்காற் பற்றிக்கொள்வதுபோல இரும்பைப் பற்றிக்கொண்டு, படியவிடாமற் காக்கும் சேர்வை அது. கொடுக்கிணைப்பு இரும்பு என்று சொல்லலாம்.

இனி எங்கள் நாட்டு நீருக்கு வருவோம். மழைநீரை நம்பிய சென் குறோயின் முறையை யாழ்ப்பாணத்திற் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இரண்டாவது தவறில் விழுவோம். எங்கள் கிணறுகள் சுண்ணக்கற் பாறையின் நீரைத் தருவன. பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதை எந்த வீட்டுப் பெண்ணும் அறிவாள். அதுவே கல்சியம். கல்சியத்தைத் தேடி நாங்கள் கடைக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்பே நீரின் பீ.எச். பெறுமானத்தை உயர்த்தி இரும்பை வேரிலிருந்து மறைக்கிறது. எங்கள் பாடசாலைக் கிணற்று நீர் 7.8 காட்டியது. போதாததற்கு, மலிவென்று பாத்திக்கு வாங்கிய சல்லியும் உள்ளூர்ச் சுண்ணக்கல். போதனாசிரியர் அதிலொரு கைப்பிடியை எடுத்து வினாகிரியில் இடச் சொன்னார். சோடாப் போத்தலைத் திறந்தாற்போல நுரைத்தது. நுரைத்தால் அது சுண்ணக்கல், பாத்திக்கு ஆகாது. கருங்கற் சல்லி நுரைக்காது. பத்து நிமிடச் சோதனை. பாத்தியை நிரப்புமுன் செய்திருக்கவேண்டியது.

மீன்கள் மாண்டதற்கும் அந்தக் காரநீரே துணைபோனது. நீரிற் கலந்த அமோனியா இரு வடிவங்களில் நிற்கும். அவற்றுள் ஒன்றே கடுமையான நஞ்சு. பீ.எச். 7இலிருந்து 8க்கு ஏறும்போது அந்த நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் கூடும். ஆகவே மென்னீரிற் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு தீனி, எங்கள் பங்குனி வெயிலில், எங்கள் கிணற்று நீரில், கொலைக்குக் காரணமாகலாம். உண்ணப்படாத தீனி அழுகி நீரின் ஒட்சிசனையும் குடித்துவிடும். கூட்டுவதானாற் சிறிது சிறிதாகக் கூட்டி, அமோனியாவை அளந்து பார்த்துக்கொண்டே கூட்டவேண்டும் என்பது இப்போது எங்கள் சிறுவர்களுக்கும் தெரியும்.

தீனிக்கு ஒரு கணக்கு உண்டு. அது மீனின் எண்ணிக்கையிலிருந்தன்று, பாத்தியின் பரப்பிலிருந்து தொடங்குகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சிறு முறைகளுக்கென 2014இல் வெளியிட்ட நூலில், இலைக்கறிகளுக்குச் சதுர மீற்றர் ஒன்றுக்கு நாளொன்றில் 40 முதல் 50 கிராம் தீனியும், காய்க்கும் பயிர்களுக்கு 50 முதல் 80 கிராமும் என்று கூறப்பட்டிருக்கிறது. எங்கள் 4 சதுர மீற்றரில் இலைக்கறிக்கு 160 முதல் 200 கிராம் போதும். வளர்ந்த மீன் தன் நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை நாளொன்றில் உண்ணும். அப்படியானால் 200 கிராம் தீனிக்கு 10 முதல் 20 கிலோ மீன். 1000 இலீற்றருக்கு 20 கிலோவே சிறு தொட்டியின் மேலெல்லை. நாங்கள் முதலில் இட்ட 150 கிராமே கணக்குக்கு அண்மையில் இருந்ததென்பதைக் கவனியுங்கள். மின்வெட்டு நேர்ந்தால் வளியூட்டி நின்றுவிடும் என்பதனால், எல்லையைத் தொடாமற் பாதியளவில் நிற்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது.

நைதரசனைப் பற்றி இன்னொன்று. பசளையை நீரிற் கரைத்து மண்ணின்றிப் பயிர் செய்வோர் பெரிதும் பின்பற்றுவது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஹோக்லண்ட் என்பவரின் கரைசல். அதில் இலீற்றருக்கு 210 மில்லிகிராம் நைதரசன் உண்டு. மீன்தொட்டி நீரில் அதில் ஐந்திலொரு பங்கு இருந்தாலே கீரை செழிக்கிறது. பயிர் எடுக்க எடுக்க மீன் நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருப்பதே காரணம். அளவுக் கருவியிற் சிறிய எண்ணைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அஞ்சியவர்களே தீனியை அள்ளிக் கொட்டுகிறார்கள்.

காய்க்கும் பயிர்களின் தேவை வேறுபட்டது. கீரைக்கு இலையே விளைவு. நைதரசன் மிகுந்தால் மகிழ்ச்சி. தக்காளியும் மிளகாயும் கத்தரியும் அதே நீரில் காடாய் வளர்ந்து பூவைக் குறைத்துக்கொள்ளும். பூக்கும் பருவத்தில் அவை கேட்பது பொற்றாசியமும் பொசுபரசும். அடியிலையின் விளிம்பு கருகினாற் பொற்றாசியக் குறை என ஐயுறலாம். மென்னீர் ஊர்களிற் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உதவும். ஏற்கெனவே காரமான எங்கள் நீருக்கு அது பொருந்தாது. பொற்றாசியம் சல்பேற்று பீ.எச். பெறுமானத்தை உயர்த்தாமற் பொற்றாசியத்தைத் தரும். சிலர் அடுப்புச் சாம்பலைச் சிபாரிசு செய்கிறார்கள். சாம்பலிற் பொற்றாசியம் உண்டென்பது உண்மை. ஆனால் அது கடுங்காரம். எங்கள் ஊரில் வேண்டவே வேண்டாம். பொற்றாசியத்தை அளவு மீறி இட்டாலும் கேடுதான்: வேர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் எடுப்பதை அது தடுக்கும். தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகுவது கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததன் அடையாளம். சுண்ணாம்பு நீரிலேயே அது தோன்றினால், நீரிற் கல்சியம் இல்லை என்று எண்ணாமல், அதை வேர் எடுக்கவிடாமல் மறிப்பது எது என்று பாருங்கள்.

கடலை அண்டிய ஊர்களில் உள்ளோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. மீன்தீனியிலும் உப்பு உண்டு. நீர் சுற்றிச் சுற்றி வருவதால், பயிர் எடுக்காத சோடியம் சேர்ந்துகொண்டே போகும். அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நல்லது என்கிறார்கள் சென் குறோய் ஆராய்ச்சியாளர். உவர்க் கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்துவது வீண் முயற்சி. பீ.எச். பெறுமானத்தை உயர்த்த அப்பச்சோடா இடுவதும் சோடியத்தை விலைக்கு வாங்குவதே. ஐப்பசி கார்த்திகையிற் கூரையிலிருந்து வீணே ஓடும் மழைநீரைத் தாங்கியிற் பிடித்து வைத்து, கிணற்று நீருடன் கலந்து இடுவது, சுண்ணாம்பு, உப்பு ஆகிய இரண்டுக்கும் மலிவான பரிகாரம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

இரும்புக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கொடுக்கிணைப்பு இரும்பிலும் வகைகள் உள. ஈ.டி.ரீ.ஏ. என்ற வகை காரநீரில் விரைவிற் பிடியை விட்டுவிடும். டீ.ரீ.பீ.ஏ. 7.5 வரை தாங்கும். அதற்கு மேலே ஈ.டி.டி.எச்.ஏ. என்னும் வகையே உறுதியானது. கணக்கு எளிது: 1000 இலீற்றருக்கு 2 கிராம் இரும்பு வேண்டும். பொதியின்மேல் இரும்பு நூற்றுக்கு 11 என்றிருந்தால் 18 கிராம் தூள். நூற்றுக்கு 6 என்றிருந்தால் 33 கிராம். பொதியின் எண்ணைப் பார்க்காமற் கரண்டியால் அள்ளிப் போடக்கூடாது.

சுண்ணக்கற் சல்லியை வாரிக் கொட்டிவிட்டுக் கருங்கற் சல்லியை நிரப்பினோம். நன்றாகக் கழுவிய அந்தக் கற்களிற் பற்றீரியா மீண்டும் குடியேற ஐந்து வாரங்கள் சென்றன. அதுவரை எஞ்சிய பதினேழு மீன்களுக்கும் தீனியைக் கிள்ளித்தான் கொடுத்தோம். பின்னர் கடைசி வகை இரும்பை இட்டோம். தொட்டி நீர் பீற்றூட் அவித்த நீரைப்போலச் சிவந்தது. மீண்டும் மீன்கள் சாகப்போகின்றன என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதுவிட்டாள். நீரின் நிறமன்றி மீன்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மஞ்சளித்த பழைய தளிர்கள் மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தன. பத்தாம் நாள் அவற்றின் மேலே விரிந்த புதிய இலை பச்சையாக வந்தது.

அந்த மாணவிதான் இப்போது தொட்டியின் குறிப்புப் புத்தகத்தை எழுதுகிறாள். ஒவ்வொரு நாளும் தீனியின் நிறை, பீ.எச். பெறுமானம், அமோனியாவின் அளவு. கடைசி நிரலில் இரண்டு கேள்விகள்: அடியிலையின் நிறம் என்ன? தளிரின் நிறம் என்ன?